பாலாறும் ரீல்ஸும்: சித்திக்கு தூக்கம் போனது யாரோட தப்பு?

எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

இந்த எபிசோட வழக்கம்போல சென்னையில இருந்து ரெக்கார்ட் பண்ணல. ஆம்பூர்ல எங்க சித்தி வீட்டு மாடி ரூம்ல உட்கார்ந்திருக்கேன். நடுவுல ரயில் சத்தம் கேட்டா மன்னிச்சுக்கோங்க, சென்னை-பெங்களூரு லைன் பக்கத்துலதான் போகுது. பிரியாணி பத்தி இன்னைக்கு பேசப் போறதில்ல, அது தனி எபிசோட்.

சித்தி ஒரு ஷூ கம்பெனியில வேலை பாக்கறாங்க. ஷூவோட மேல் பாகம், அதாவது அப்பர் தைக்கிற செக்‌ஷன். இந்த ஊர்ல காலையில ரோட்டுல நின்னு பாத்தா தெரியும், வரிசையா கம்பெனி பஸ் வரும், உள்ள முக்கால்வாசி பேர் பெண்கள். சித்தி அஞ்சு மணிக்கு எழுந்து சமைச்சு வெச்சுட்டு அந்த பஸ்ஸ பிடிக்கணும்.

ரெண்டு மாசம் முன்னாடி தையல் மெஷின் ஊசி அவங்க விரல்ல ஏறிடுச்சு. பெரிய காயம் இல்ல, ஆனா ஒரு வாரம் வேலைக்குப் போகல. நான் பாக்க வந்தப்ப கேட்டேன்.

"ராத்திரி எத்தினி மணிக்கு தூங்குன சித்தி?"

"பன்னெண்டரை, ஒண்ணு ஆயிருக்கும்பா. பாத்திரம் கழுவிட்டு அஞ்சு நிமிஷம் பாக்கலாம்னுதான் ஃபோன எடுக்கறேன். அப்புறம் எங்க போகுதுன்னே தெரியல. எனக்குத்தான் புத்தி இல்ல."

அந்தக் கடைசி வரி எனக்கு ரொம்ப உறுத்துச்சு. ஏன்னா சித்தியோட அஞ்சு நிமிஷம் ரெண்டு மணி நேரம் ஆகறதுக்குப் பின்னாடி என்ன மாதிரி வேலை நடக்குதுன்னு எனக்குத் தெரியும். நானே அந்த வேலையப் பண்ணியிருக்கேன்.

நான் பண்ண வேலை

காலேஜ் முடிச்சு சில வருஷம் கழிச்சு ஒரு சின்ன வீடியோ ஆப் டீம்ல இருந்தேன். கம்பெனி பேர் வேண்டாம். எங்க ஃபீட்ல ஒரு கட்டத்துல "இன்னைக்கு புதுசா இருந்ததெல்லாம் பாத்துட்டீங்க"ன்னு ஒரு திரை வரும். அதை எடுத்துட்டா என்ன ஆகும்னு ஒரு ஏ/பி டெஸ்ட் வெச்சோம். பாதிப் பேருக்கு அந்தத் திரை இருக்கும், மீதிப் பேருக்கு இருக்காது. திரை இல்லாதவங்க அதிக நேரம் இருந்தாங்க. அடுத்த ரிலீஸ்ல எல்லாருக்கும் எடுத்துட்டோம். அந்தக் கோட மெர்ஜ் பண்ணது நான்தான். டீம்ல கேக் வெட்டினோம்.

அந்த மீட்டிங்ல யாரும் கெட்ட எண்ணத்தோட பேசல. ஆனா "இந்தக் கூடுதல் நேரம் எந்த நேரத்துல இருந்து வருது?"ன்னும் யாரும் கேட்கல. தூக்கத்துல இருந்தா, சாப்பாட்டுல இருந்தா, படிப்புல இருந்தா? எங்க டேஷ்போர்டுல அதுக்கு ஒரு கட்டமே கிடையாது.

அடிமைப்படுத்தும் டிசைன்னு சொல்றதுல முக்கியமா மூணு விஷயம் இருக்கு.

முதல்ல, நிறுத்தற இடத்த எடுத்துடறது. பேப்பருக்கு கடைசிப் பக்கம் உண்டு, சீரியலுக்கு "தொடரும்" உண்டு. இன்ஃபினிட் ஸ்க்ரோல்ல அது இல்ல. 2006-ல இத வடிவமைச்ச ஏஸா ராஸ்கின் பின்னாடி அதுக்காக வெளிப்படையாவே வருத்தப்பட்டிருக்கார். ஆட்டோபிளேவும் இதே வகைதான்.

ரெண்டாவது, எப்ப நல்லது வரும்னு தெரியாம வெச்சிருக்கறது. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்கள வெச்சு சோதனை பண்ணார். ஒவ்வொரு தடவை கொத்தும்போதும் தானியம் வந்தா புறா பசி தீர்ந்ததும் நிறுத்திடும். எந்தக் கொத்துக்கு வரும்னு தெரியாம வெச்சா விடாம கொத்திட்டே இருக்கும். நாலு மொக்க ரீல், அஞ்சாவது செம ரீல். அந்த அஞ்சாவதுக்காகத்தான் விரல் நகருது.

மூணாவது, வெளிய போனவங்கள திரும்ப இழுக்கறது. நோட்டிஃபிகேஷன், ஸ்ட்ரீக், "உங்க ஃப்ரெண்ட் ஒண்ணு போட்டிருக்காங்க". எந்த நேரத்துல அனுப்பினா நீங்க திறப்பீங்கன்னு உங்க பழைய பழக்கத்த வெச்சே கணக்கு போடுவாங்க.

இப்ப சித்தி பக்கம் வாங்க. ஒரு பக்கம் பத்து மணி நேரம் நின்னு, உட்கார்ந்து, வேலை செஞ்சு களைச்ச ஒருத்தர். இன்னொரு பக்கம் நூத்துக்கணக்கான எஞ்சினியர்களும் தினம் ஓடற சோதனைகளும். இதுல சித்தி தோத்தா "புத்தி இல்ல"ன்னு சொல்றது நியாயமா?

சரி, ஊசி ஏறினதுக்கு ரீல்ஸ்தான் காரணம்னு நான் நிரூபிக்க முடியுமா? முடியாது. அன்னைக்கு மெஷின்ல கோளாறு இருந்திருக்கலாம், டார்கெட் பிரஷர் இருந்திருக்கலாம். தனி ஒருத்தர் கேஸ்ல இத நிரூபிக்கவே முடியாது. இந்த ஊருக்கு இந்தப் பிரச்சனை புதுசு இல்லங்கறதாலதான் இன்னைக்கு இங்க உட்கார்ந்து பேசறேன்.

கிணத்துத் தண்ணி கேஸ்

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாத்தங்கரை ஊருங்க. இப்ப மூணு மாவட்டமா பிரிச்சாச்சு, அப்ப எல்லாம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். தோல்தான் இங்க சோறு. ஆனா தோல் பதனிட குரோமியமும் உப்பும் நிறைய போடணும். அந்தக் கழிவுநீர சுத்திகரிக்காம டேனரிகள் வயல்லயும் வாய்க்கால்லயும் ஆத்துலயும் விட்டுச்சு. நிலத்தடி நீர் கெட்டுப்போச்சு.

பாதிக்கப்பட்ட விவசாயியோட நிலைமைய யோசிங்க. கிணத்துத் தண்ணி நிறம் மாறுது, பயிர் கருகுது. எந்த டேனரியோட தண்ணி, எந்த வருஷம், எவ்வளவு குரோமியம் நம்ம கிணத்துக்கு வந்துச்சுன்னு அவர் எப்படி நிரூபிப்பார்? டேனரிகள் நூத்துக்கணக்குல இருக்கு. அவர் கையில ஒரு லேப் கூட இல்ல.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனாங்க. 1991-ல போட்ட வழக்கு. 1996 ஆகஸ்ட் 28 அன்னைக்கு தீர்ப்பு வந்துச்சு, நான் பொறக்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி. இன்னைக்கும் லா காலேஜ்ல சுற்றுச்சூழல் சட்டம் படிக்கற எல்லாரும் இந்தத் தீர்ப்பப் படிக்காம தாண்ட முடியாது. தமிழ்நாடு முழுக்க 5 மாவட்டங்கள்ல 900-க்கும் மேற்பட்ட டேனரிகள் சம்பந்தப்பட்ட வழக்கு. டேனரி பகுதியில சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு லாயக்கில்லாம போச்சுங்கற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தோட கணக்கு அந்தத் தீர்ப்புலயே இருக்கு.

தீர்ப்புல மூணு விஷயம் நமக்கு முக்கியம்.

ஒண்ணு, முன்னெச்சரிக்கை. பெரிய பாதிப்பு வர வாய்ப்பு இருந்தா, அறிவியல் நூறு சதவீதம் உறுதியா சொல்லட்டும்னு காத்திருக்கக் கூடாது.

ரெண்டு, நிரூபிக்கற பொறுப்பு. பாதிப்பு இருக்குன்னு விவசாயி நிரூபிக்க வேண்டாம். தன் செயலால பாதிப்பு இல்லன்னு தொழில் நடத்தறவர் நிரூபிக்கணும்.

மூணு, மாசுபடுத்தினவர்தான் செலவ ஏத்துக்கணும். பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடு மட்டும் போதாது, கெட்டுப்போனத சரிபண்ற செலவும் அவங்களோடது.

தோல் தொழில் நாட்டுக்கு அந்நியச் செலாவணியும் வேலையும் தருதுன்னு நீதிமன்றம் ஒத்துக்கிட்டுதான் இதச் சொல்லுச்சு. தோலே வேண்டாம்னு சொல்லல. சுத்திகரிப்பு வசதி வை, இல்லன்னா மூடுன்னு சொல்லுச்சு. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டுச்சு. தோல் தொழில் இன்னும் இங்க இருக்கு, சித்தி போற கம்பெனி பஸ்ஸே சாட்சி.

"கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னா நீங்க குடிக்காம இருக்க வேண்டியதுதானே?"ன்னு அந்த நீதிமன்றம் விவசாயியக் கேட்கல. ஆனா நாம சித்தியக் கேட்கறோம். "ஃபோன கீழ வைக்க வேண்டியதுதானே?"

தமிழ்நாடு ஏற்கெனவே ஒரு தடவ பண்ணிப் பாத்திருக்கு

ஸ்கிரீனுக்குள்ள இருக்கற டிசைன சட்டத்தால மாத்த முடியுமான்னு கேட்டா, முடியும். ஆன்லைன் ரம்மி விஷயத்துல நடந்துச்சு.

2022-ல தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்துச்சு. அதன்படி அமைச்ச ஆன்லைன் விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில பணம் வெச்சு ஆடற விளையாட்டுகளுக்கு விதிமுறைகள் போட்டுச்சு. ஒரு டெவலப்பரா அதப் படிச்சப்ப எனக்கு ஆச்சரியம், கிட்டத்தட்ட ப்ராடக்ட் ஸ்பெக் மாதிரியே இருந்துச்சு. 18 வயசுக்குக் கீழ அனுமதி இல்ல. ராத்திரி 12-ல இருந்து காலையில 5 வரைக்கும் லாகின் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து ஆடினா, அதுக்கப்புறம் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை எவ்வளவு நேரம் ஆடியிருக்கீங்கன்னு பாப்-அப் வரணும். லாகின் பக்கத்துல அடிமையாக்கற தன்மை உள்ளதுன்னு எச்சரிக்கை. பண வரம்பு.

கேம் கம்பெனிகள் சென்னை உயர் நீதிமன்றம் போனாங்க. தொழில் செய்யற உரிமை, தனியுரிமை எல்லாம் பேசினாங்க. 2025 ஜூன் 3 அன்னைக்கு நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், கே. ராஜசேகர் அமர்வு அந்த மனுக்கள தள்ளுபடி பண்ணி விதிகள் செல்லும்னு சொல்லிடுச்சு. மக்களோட நலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு போடலாம்னு சொன்னாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல மத்திய அரசு பணம் வெச்சு ஆடற ஆன்லைன் விளையாட்டையே தடை பண்ணிடுச்சு, அதனால இந்த விதிகளுக்கு இப்ப பெரிசா வேலை இல்ல. ஆனா நடுராத்திரியும் ஆட வைக்கற டிசைன ஒரு மாநில அரசு தொடலாம்ங்கற விஷயம் நீதிமன்றத்துல நின்னுச்சு. அது நமக்கு முக்கியம்.

ரீல்ஸுக்கு ஏன் இது வரல?

"எனக்கு 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கே, அங்க புகார் பண்ணலாமே?"ன்னு நீங்க கேட்கலாம். இங்க ஒரு ஓட்டை இருக்கு.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல "சேவை"ங்கற வார்த்தைக்கு குடுத்த விளக்கத்துல இலவசமா தர்ற சேவை சேராது. ரீல்ஸ் பாக்க சித்தி காசு குடுக்கல. அப்ப அவங்க நுகர்வோரே இல்லன்னு ஒரு கம்பெனி வாதாடலாம். அவங்க நேரத்த விளம்பரக்காரங்களுக்கு வித்துதான் அந்த ஆப் ஓடுது, அதுவும் ஒரு வகை விலைதான். ஆனா சட்டத்தோட வார்த்தையில அது இன்னும் தெளிவா இல்ல.

2023 நவம்பர் 30 அன்னைக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன்களுக்கு எதிரா வழிகாட்டு நெறிமுறைகள் கொண்டுவந்துச்சு. 13 வகை ஏமாத்து டிசைன்கள் பட்டியல்ல இருக்கு. "இன்னும் 2 மட்டுமே பாக்கி"ன்னு பொய் அவசரம் காட்டறது, கேட்காமலே கார்ட்ல பொருள் சேர்க்கறது, சப்ஸ்கிரிப்ஷன்ல இருந்து வெளிய வர விடாம பண்றது, திரும்பத் திரும்ப நச்சரிக்கறது. நல்ல பட்டியல். ஆனா பெரும்பாலும் உங்க பாக்கெட்ட பாதுகாக்கற பட்டியல். இன்ஃபினிட் ஸ்க்ரோலும் ஆட்டோபிளேவும் அதுல இல்ல. காசத் திருடினா குத்தம், தூக்கத்தத் திருடினா இன்னும் பேரே வைக்கல.

2023 டேட்டா பாதுகாப்புச் சட்டம் 18 வயசுக்குக் கீழ இருக்கறவங்களோட நடத்தைய கண்காணிக்கக் கூடாது, அவங்கள குறிவெச்சு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு சொல்லுது. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முழுசா அமலுக்கு வர இன்னும் அவகாசம் குடுத்திருக்காங்க. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10-ல இருந்து 16 வயசுக்குக் கீழ சோஷியல் மீடியா கணக்கே கூடாதுன்னு சொல்லிடுச்சு. இதெல்லாம் குழந்தைகளுக்கு. சித்திக்கு 44 வயசு.

அப்ப மொத்தமா தடை பண்ணிடலாமா? அதையும் பாத்தாச்சு. 2019 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக் டவுன்லோட தடுக்கச் சொல்லுச்சு, அந்த மாசமே தடைய நீக்கிடுச்சு. 2020 ஜூன் 29-ல மத்திய அரசு வேற காரணத்துக்காக டிக்டாக்க தடை பண்ணுச்சு. ஜூலை 8-ல இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்துச்சு. செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ். சித்தி அப்ப டிக்டாக்ல இருந்தாங்க. ஆப் போச்சு, டிசைன் பேர் மாத்திட்டு அதே ஃபோனுக்கு வந்துடுச்சு.

வேலூர் தீர்ப்ப ஆப்புக்கு பொருத்தினா

ஐரோப்பாவுல இதுக்கு ஒரு மாதிரி இருக்கு. அங்க டிஜிட்டல் சேவைகள் சட்டப்படி, 4.5 கோடி பயனர்களுக்கு மேல இருக்கற தளங்கள் தங்களால வரக்கூடிய ஆபத்துகள தாங்களே மதிப்பிட்டு அறிக்கை தரணும், வெளி ஆடிட் நடக்கணும். மீறினா உலகளாவிய வருமானத்துல 6 சதவீதம் வரை அபராதம்.

2024 ஏப்ரல்ல டிக்டாக், வீடியோ பாத்தா பாயிண்ட் தர்ற டிக்டாக் லைட்ட பிரான்ஸ்லயும் ஸ்பெயின்லயும் விட்டுச்சு. ஐரோப்பிய ஆணையம் நடவடிக்கை எடுத்துச்சு. அவங்க கேட்ட முக்கியமான கேள்வி, "வெளிய விடறதுக்கு முன்னாடி ஏன் ஆபத்த மதிப்பிடல?" ஆகஸ்ட்ல அந்தப் பாயிண்ட் திட்டத்த ஐரோப்பாவுல நிரந்தரமா விலக்கிக்கறோம்னு டிக்டாக் கட்டுப்பட்டுச்சு. பாதிக்கப்பட்ட யாரும் முன்ன வந்து நிரூபிக்கல. நிரூபிக்கற பொறுப்பு கம்பெனி பக்கம் இருந்துச்சு. நம்ம பாலாத்துத் தீர்ப்போட அதே தர்க்கம்.

அதனால நான் கேட்கறது இவ்வளவுதான். சுத்திகரிப்பு நிலையம் மாதிரி ஆப்புக்குள்ளயும் நிறுத்தற இடம் கட்டாயம் வேணும். ஆட்டோபிளேவும் ராத்திரி நோட்டிஃபிகேஷனும் முதல்லயே ஆஃப்ல இருக்கணும், வேணும்னா நாம ஆன் பண்ணிக்கலாம். ஏ/பி டெஸ்ட் முடிவுகள அரசு நியமிக்கற ஆடிட்டர் பாக்க முடியணும், ஏன்னா பாதிப்போட அளவு அங்கதான் பதிவாயிருக்கு. எங்க டெஸ்ட் ரிசல்ட் யாராவது கேட்டிருந்தா, நானே எடுத்துக் குடுத்திருப்பேன்.

எதிர் வாதங்கள் இருக்கு. முக்கியமானது, பேச்சு சுதந்திரம். ஆத்துல விடற கழிவுநீரும் மக்கள் போடற வீடியோவும் ஒண்ணு இல்ல. இந்த ஊர்ல ரீல்ஸ் போட்டு தையல் கடை நடத்தற அக்காக்கள் இருக்காங்க. அதனாலதான் எந்த வீடியோ இருக்கலாம்னு அரசு முடிவு பண்றதுக்கு நான் எதிரி. வீடியோவ விட்டுடுங்க, அதச் சுத்தி இருக்கற மெஷினத் தொடுங்கன்னு சொல்றேன். இன்னொண்ணு தனியுரிமை. வயசு பாக்கறோம்னு எல்லார் ஆதாரையும் கேட்டா அது வேற ஆபத்து. டிசைன எல்லாருக்கும் ஒரே மாதிரி மாத்திட்டா யார்கிட்டயும் ஐடி கேட்க வேண்டியதில்ல.

மூணாவது வாதம்தான் எனக்கு கஷ்டமானது. சட்டம் போட்டா மட்டும் நடந்துடுமா? 1996 தீர்ப்புக்கு அப்புறமும் பாலாறு சுத்தமாகல. 2025 ஜனவரி 30-ல உச்ச நீதிமன்றம் திரும்பவும் இதே வேலூர் டேனரி விஷயத்துல உத்தரவு போட வேண்டியிருந்துச்சு. இழப்பீட முழுசா குடுங்க, ஒரு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில குழு அமைச்சு தணிக்கை பண்ணுங்கன்னு சொல்லி, வழக்க தொடர்ந்து கண்காணிக்கவும் முடிவு பண்ணுச்சு. 28 வருஷம் கழிச்சு. தீர்ப்பு வந்ததோட வேலை முடியல, வாய்க்கால போய் பாக்கற ஆள் வேணும். ஆப்புக்கும் அப்படித்தான்.

அதுவரைக்கும்

உங்க ஃபோன்ல இன்னைக்கே பண்ணக்கூடியது, நோட்டிஃபிகேஷன்ல மனுஷங்க அனுப்பறத மட்டும் வெச்சுட்டு ஆப் அனுப்பறத ஆஃப் பண்ணுங்க. ஃபோன் சார்ஜர கட்டிலுக்கு எட்டாத இடத்துல வைங்க. நேற்று சித்தி ஃபோன்ல இதெல்லாம் பண்ணேன். ஒவ்வொரு செட்டிங்கும் நாலு ஸ்கிரீன் உள்ள ஒளிஞ்சிருந்துச்சு. பக்கத்துல உட்கார்ந்து பாத்துட்டு சித்தி கேட்டாங்க.

"ஏம்பா, நிறுத்தறதுக்கு இவ்ளோ கஷ்டமா வெச்சிருக்காங்களே, தெரிஞ்சேவா வெச்சாங்க?"

"ஆமா சித்தி. நானும் வெச்சிருக்கேன்."

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அப்ப எனக்கு புத்தி இல்லாம இல்ல"ன்னாங்க.

இல்ல சித்தி. இந்த எபிசோட் அதுக்குத்தான்.

உங்க வீட்டுல இப்படி ஒரு சித்தி இருந்தா இத அவங்களுக்கு அனுப்புங்க, ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல அனுப்பாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.